கியோட்டோ இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் முதுநிலை படிக்க: விண்ணப்பத்துக்கு முன் பேராசிரியர்

ஜப்பானில் மேற்படிப்பு என்றதும் நம் பிள்ளைகள் முதலில் பார்ப்பது தரவரிசைப் பட்டியலை. அங்கே நடைமுறை வேறு. உங்களைச் சேர்த்துக்கொள்வதில் கைடின், அதாவது உங்கள் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரின், சம்மதத்துக்குத்தான் எடை அதிகம். படிக்கப்போகும் இரண்டு வருடமும் பெரும்பாலும் அவருடைய லேபில்தான் கழியும். அதனால் விண்ணப்பப் படிவத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஆளைத் தேடுவோம்.

படி 1: பல்கலைக்கழகத்தைச் சரியாகக் கண்டுபிடியுங்கள்

கியோட்டோ இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியை கேஐடி என்று சுருக்கிச் சொல்கிறார்கள். கனாசவாவை ஒட்டி இருக்கும் ஒரு தனியார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் அதே சுருக்கம்தான். தேடும்போது முழுப்பெயரைப் போடுங்கள். நமக்கு வேண்டியது கியோட்டோ நகரின் வடக்கே மட்சுகசாக்கியில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழகம்.

படி 2: அது எதில் வலுவானது என்று பாருங்கள்

1899இல் தொடங்கிய பட்டு வளர்ப்புப் பயிற்சி நிலையம் ஒன்று, 1902இல் தொடங்கிய கைவினைக் கலைப் பள்ளி ஒன்று. இந்த இரண்டின் வழிவந்த கல்லூரிகளை இணைத்து 1949இல் உருவானது இது. அந்த வம்சாவளி இன்றும் தெரிகிறது. இழை, பாலிமர், உயிரியல், மின்னணுவியல், இயந்திரவியல் ஆகியவற்றோடு வடிவமைப்பும் கட்டடக்கலையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கைவினைப் பள்ளியில் பாடம் நடத்திய ஓவியர் அசாய் சூ, மாணவர்கள் பார்த்துப் பழகட்டும் என்று ஐரோப்பாவிலிருந்து சுவரொட்டிகளும் பீங்கான்களும் வாங்கி வந்தார். அவையெல்லாம் வளாக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சாகா வளாகத்தில் மரபியல் ஆய்வுக்கான பழ ஈ வகைகளைப் பராமரித்து உலகெங்கும் அனுப்பும் மையமும் உண்டு. டெக்ஸ்டைல், பாலிமர், ஆர்க்கிடெக்சர் படித்தவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தூய கணிதம்தான் வேண்டும் என்றால் வேறு இடம் தேடுவது நல்லது.

படி 3: லேபைத் தேர்ந்தெடுங்கள்

பல்கலைக்கழகத் தளத்தின் ஆசிரியர் பட்டியலில் தொடங்கி, ஜப்பானிய ஆய்வாளர்களின் விவரங்களைத் தரும் ரிசர்ச்மேப் தளத்தில் அவர்களுடைய ஆய்வுக் கட்டுரைகளைப் பாருங்கள். கடைசி மூன்று வருடக் கட்டுரைகள் போதும். பலரும் கவனிக்காத ஒன்று: ஜப்பானியத் தேசியப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்கள் பொதுவாக 65 வயதில் ஓய்வு பெறுகிறார்கள். நீங்கள் போய்ச் சேரும் வருடமே அவர் விடைபெறுவதாக இருந்தால் உங்களை எடுக்க மாட்டார். லேபில் எந்த மொழி புழங்குகிறது என்பதையும் விசாரியுங்கள். பட்டமேற்படிப்பை ஆங்கிலத்தில் முடிக்க வழி இருந்தாலும், வடிவமைப்பு, கட்டடக்கலை ஸ்டுடியோக்களில் ஜப்பானிய மொழி தெரியாமல் சிரமம்தான்.

படி 4: கடிதம் எழுதுங்கள்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால் படிக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நம்மூர் வழக்கப்படி ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்காதீர்கள், குடும்பப் பெயரோடு ‘சென்செய்’ (ஆசிரியரை மரியாதையாக அழைக்கும் ஜப்பானியச் சொல்) என்று எழுதுங்கள். முதல் பத்தியில் நீங்கள் யார், எந்த வருடம் எந்தப் பருவத்தில் சேர விரும்புகிறீர்கள் என்பது வரட்டும். இரண்டாவதில் அவருடைய கட்டுரை ஒன்றைக் குறிப்பிட்டு, அதில் உங்களுக்கு எழுந்த கேள்வியைச் சொல்லுங்கள். புகழுரை வேண்டாம், கேள்விதான் வேலை செய்யும். மூன்றாவதில் உங்கள் புராஜெக்ட், தெரிந்த கருவிகள், செலவுக்கு என்ன ஏற்பாடு என்பவை. மதிப்பெண் பட்டியலையும் இரண்டு பக்க ஆய்வுத் திட்டத்தையும் பிடிஎஃப் கோப்பாக இணையுங்கள். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போங்கள்.

படி 5: பணத்துக்கு வழி

தேசியப் பல்கலைக்கழகங்களின் வழக்கமான கட்டணம் வருடத்துக்கு 5,35,800 யென், அதோடு சேர்க்கைக் கட்டணம் 2,82,000 யென். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை கிடைத்தால் இவற்றைக் கட்ட வேண்டாம், விமானச் சீட்டும் மாதச் செலவுக்கான தொகையும் வரும். தூதரகப் பரிந்துரை, பல்கலைக்கழகப் பரிந்துரை என அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரே ஆண்டில் இரண்டிலும் விண்ணப்பிக்கக் கூடாது. தூதரக வழிக்கு அறிவிப்பு ஏப்ரல் வாக்கில் வரும், கெடு நாட்கள் குறைவு. டெல்லி தூதரகத் தளத்தோடு சென்னைத் துணைத்தூதரகத் தளத்தையும் பாருங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்புத் தூதரகம்.

படி 6: தேர்வும் அதற்குப் பிறகும்

மெக்ஸ்டுக்குத் தூதரக வழியில் போனால் எழுத்துத் தேர்வும் நேர்காணலும் இருக்கும். எழுத்துத் தேர்வில் ஆங்கிலத்தோடு ஜப்பானிய மொழித் தாளும் உண்டு. தெரியாவிட்டாலும் உட்கார்ந்து எழுத வேண்டும், வெற்றுத்தாளைக் கொடுக்காதீர்கள். ஹிரகானா, கதகானா எழுத்துக்களையாவது கற்றுக்கொண்டு போங்கள். நேர்காணலில் ஆய்வுத் திட்டத்தைப் பற்றித்தான் துருவுவார்கள். துறைக்கு வெளியே இருப்பவருக்கும் புரியும்படி மூன்று நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள்.

தூதரகம் நடத்தும் இந்த முதல்கட்டத்தில் தேறியவர்களுக்கு அதற்கான சான்றிதழ் கையில் வரும். அதை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்திடம் தற்காலிக ஏற்புக் கடிதம் கேட்க வேண்டும். கைடு ஏற்கெனவே உங்களை அறிந்தவராக இருந்தால் இது அலைச்சல் இல்லாமல் முடியும். அங்கே போனதும் பலர் ‘கென்க்யூசெய்’ எனப்படும் ஆய்வு மாணவராகத்தான் தொடங்குவார்கள். அந்த ஆறு மாதமோ ஒரு வருடமோ பட்டத்தில் சேராது. முதுநிலை நுழைவுத் தேர்வை அந்தக் காலத்தில் எழுதித் தேற வேண்டும். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்கள் கிடைக்குமா என்று லேபில் இருக்கும் சீனியர்களிடம் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.