மோர்கன் டாலர் வாங்கப் போறீங்களா? இதையெல்லாம் பண்ணாதீங்க

மோர்கன் டாலர்ங்கிற பழைய அமெரிக்க வெள்ளிக் காச புதுசா சேர்க்க ஆரம்பிக்கிறவங்க, அந்தக் காலத்துல நான் அடிச்ச அதே கூத்ததான் அடிக்கிறாங்க. ஓரத்த புடிச்சு எடு, லென்ஸ் வச்சுக்கோங்கிறதெல்லாம் எல்லாரும் சொல்லியாச்சு, அதை விடுங்க.

மின்டேஜ் நம்பரை மட்டும் நம்புறது

இதை நெனச்சாலே இன்னும் எரிச்சலா வருது. எத்தனை அடிச்சாங்கங்கிறது வேற, இன்னைக்கு எத்தனை மிஞ்சியிருக்கு, எந்த நிலைமைல இருக்குங்கிறது வேற. கார்சன் சிட்டிங்கிற அமெரிக்க நாணயச்சாலைல 1885ல அடிச்சது 2,28,000, 1889ல 3,50,000. அப்போ 1885தான அரிது? கிடையாது! 1885 காசு மூட்டை மூட்டையா அரசாங்க கஜானாலயே தூங்கிட்டு இருந்து, 1970கள்ல அரசாங்கமே வித்தப்போ ஒரு லட்சத்துக்கு மேல புதுசா வெளிய வந்துச்சு, 1889 காசு அதுல வந்ததே இல்லன்னு வச்சுக்கலாம். 1918ல வந்த அமெரிக்கச் சட்டத்துப்படி உருக்கின 27 கோடி வெள்ளி டாலர்ல எந்த வருஷம் எத்தனை போச்சுன்னு கணக்கும் கிடையாது.

இதோட மறுபக்கம் 1884 சான் பிரான்சிஸ்கோ காசு. 32 லட்சம் அடிச்சாங்க, தேஞ்சது சுலபமா கெடைக்கும், ஆனா புழங்காதது ஆயிரக்கணக்கான டாலர். ஒரு காயின் ஷோல ஒரு தம்பி ஆசையா காட்டுனான், புழங்காததுன்னு சொல்லி வித்திருக்காங்க, சாய்ச்சு பாத்தா காசுல இருக்குற லிபர்ட்டி பொண்ணு தலைல காதுக்கு மேல முடி மழுங்கியிருக்கு, வெளிச்சத்துல சுத்துனா பளபளப்பு கன்னத்துல வந்து அறுந்து போகுது. லேசா புழங்குனத மருந்துல முக்கி எடுத்து புதுசு வெலைக்கு தள்ளிட்டாங்க. என்னத்த சொல்ல, தம்பின்னு தோள்ல தட்டிட்டு வந்துட்டேன். விலைப் பட்டியல்ல மேல் வரிசை விலைய மட்டும் பாத்துட்டு கடைக்கு போகாதீங்க.

தேய்ச்சு மினுக்குறது

கூடாது. அவ்ளோதான்.

பிவிசி கவர்

பச்சையா பிசுக்கு ஏறும். மாத்துங்க.

எடை போடாம டிரேட் டாலர் வாங்குறது

டிரேட் டாலர்னா ஆசிய வியாபாரத்துக்குன்னு அமெரிக்கா அடிச்ச வெள்ளிக் காசு. 27.22 கிராம் இருக்கணும், மோர்கன்னா 26.73. எடை சரியா இருக்குன்னு மட்டும் நம்பவும் முடியாது, போலி அவ்ளோ நல்லா வருது.

1893 எஸ்

எஸ்னா சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையோட அடையாளம். ஒரு லட்சம்தான் அடிச்சாங்க, இது நெஜமாவே அரிது, அதனாலயே எழுத்தே இல்லாத சாதா 1893 காசு பின்னாடி எஸ் எழுத்த ஒட்டி விப்பாங்க. அசல் எல்லாம் ஒரே முன்பக்க அச்சுல அடிச்சது, லிபர்ட்டிங்கிற வார்த்தைல டி (T) எழுத்தோட மேல்பக்கம் சின்னதா ஒரு சாய்வுக் கோடு இருக்கும். அது இல்லன்னா பர்ஸ எடுக்காதீங்க.