நெற்றியில் சொட்டிய எண்ணெய்

சிக்னலில் நிற்கும்போது நெற்றியில் ஏதோ சொட்டியது. லண்டன் மழைதானே என்று துடைத்தேன்; விரலெல்லாம் பிசுபிசுப்பு. என்னுடையது 1998 மாடல் கன்வெர்ட்டிபிள், அதாவது கூரையைத் திறந்து மூடும் கார்; கூரை ஹைட்ராலிக்கில், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும். முன்கண்ணாடிக்கு மேலே கூரையைப் பூட்டும் சின்ன சிலிண்டரில், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் நைந்து போயிருந்தது. புது சிலிண்டருக்கும் கூலிக்கும் சேர்த்து ஒர்க்‌ஷாப்பில் 900 பவுண்டு கேட்டார்கள். காரை விற்றால்கூட அவ்வளவு தேறுமா என்று தெரியவில்லை. சரி என்று நானே கழற்றி, சீல் மட்டும் மாற்றித் தருபவருக்குத் தபாலில் அனுப்பினேன். 85 பவுண்டு. வந்ததை மாட்டி, டிக்கியில் இருக்கும் பம்ப் தொட்டியில் எண்ணெய் ஊற்றி, பேட்டரி இறங்காமலிருக்க இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே இருந்த காற்று போகும்வரை கூரையை ஐந்தாறு முறை திறந்து மூடினேன். சொட்டு நின்றது. உள்கூரைத் துணியில் கறை மட்டும் அப்படியே இருக்கிறது. பின்பக்கச் சிலிண்டர்களுக்கும் அதே வயசுதான்.