லாக்கப் வேலையில் முதல் இரவு: குறட்டையை நம்பாதீர்கள்

இங்கிலாந்தில் போலீஸ் லாக்கப்பில் டிடென்ஷன் ஆஃபீசராகச் சேர்ந்திருக்கிறீர்களா? ஒருவரை அடைத்து வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் கஸ்டடி சார்ஜென்ட். கதவு சாத்தியபின் உள்ளே இருப்பவரைப் பார்த்துக்கொள்வது நம் வேலை.

முதலில் சோதனை. பர்ஸ், போன், சில்லறை எல்லாவற்றையும் அவர் கண்முன்னேயே எண்ணி எழுதுங்கள். பட்டியலை அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடட்டும். தன்னையே காயப்படுத்திக்கொள்வார் என்ற சந்தேகம் இருந்தால், ஷூ லேஸும் இடுப்பு நாடாவும் வெளியே வந்துவிட வேண்டும்.

அப்புறம் உரிமைகள். போலீஸ் அதிகாரங்களையும் கைதானவர் உரிமைகளையும் சொல்லும் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி (PACE) இலவச வக்கீல் உண்டு, வெளியே ஒருவருக்குத் தகவல் சொல்லலாம். சார்ஜென்ட் சொல்லியிருப்பார்; ஆனால் பதற்றத்தில் இருப்பவர் காதில் அது ஏறியிருக்காது. டீ கொடுக்கும்போது "வக்கீல் வேண்டுமா?" என்று மறுபடி கேளுங்கள். வேண்டும் என்றால் உடனே சார்ஜென்டிடம் சொல்லுங்கள்.

இனி முக்கியமானது: குடித்துவிட்டு வந்தவர். குறைந்தது 30 நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போய் எழுப்ப வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், மெதுவாக உலுக்குங்கள். உங்கள் பெயர் என்ன, வீடு எங்கே, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு கையைத் தூக்கச் சொல்லுங்கள், அடுத்து மறு கையை.

நான் சேர்ந்த புதிதில் ஒருவர் நன்றாகக் குறட்டை விட்டார். கதவில் இருக்கும் சிறு திறப்பு வழியாகப் பார்த்துவிட்டு "தூங்குகிறார்" என்று எழுதினேன். "எழுப்பினாயா?" என்று கேட்டார் கூட இருந்த சீனியர். போய் உலுக்கினோம். கண் திறந்தது, பேச்சு வரவில்லை. ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். தலையில் அடி, வலிப்பு, பக்கவாதம், போதை மருந்து எதுவும் சாராய வாடைக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம். பதில் சரியாக வரவில்லையா, உடனே சார்ஜென்டுக்குச் சொல்லி மருத்துவ உதவி கூப்பிடுங்கள். தயங்கவே வேண்டாம்.

கடைசியாகப் பதிவு. "சரியாக இருக்கிறார்" என்று மட்டும் எழுதாதீர்கள். "02.30, எழுப்பினேன், பெயரும் ஊரும் சொன்னார், இரு கையும் தூக்கினார், தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்." ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வருபவர் இதைப் படித்துத்தான் 03.00 மணிக்கு அந்தக் கதவைத் திறப்பார்.