ஆபீஸ்ல தம் அடிக்கிற விஷயத்துல பெங்களூர் கம்பெனிங்க பண்ற தப்புங்க

பெங்களூர்ல ஓசூர் ரோடு பக்கம் ஒரு பன்னெண்டு வருஷமா ஆபீஸ் பில்டிங்குங்கள பாத்துக்கற வேலை எனக்கு, அட்மின்னு சொல்வாங்க, ஃபெசிலிட்டின்னு சொல்வாங்க, டாய்லெட் குழாய் ஒழுகுறதுல இருந்து லிஃப்ட் நின்னு போறது வரைக்கும் எல்லாம் நம்ம தலையில தான். இதுல வருஷா வருஷம் ஓயாத பஞ்சாயத்துன்னா தம் அடிக்கிறது தான். நான் பாத்த வரைக்கும் எல்லா கம்பெனியும் ஒரே தப்ப தான் வேற வேற டிசைன்ல பண்ணுது, புகைய ஒழிக்கிறதில்ல, தூக்கிட்டுப் போய் வேற யார் மூக்குலயாவது விடுது. அந்த வேற யாரோ பெரும்பாலும் எழுந்து வேற இடத்துக்குப் போக முடியாத ஆளா இருப்பாங்க. நானே அப்படி ஒண்ண பண்ணியிருக்கேன், கீழ சொல்றேன்.

முதல்ல போர்ட பாருங்க. உங்க ஆபீஸ்ல இருக்கற நோ ஸ்மோக்கிங் போர்டுல 200 ரூபா அபராதம்னு போட்டிருந்தா அது பழைய போர்டு. 2003ல வந்த மத்திய புகையிலை கட்டுப்பாட்டு சட்டத்துல, எல்லாரும் கோட்பான்னு சொல்றாங்களே அதுல, 200 வரைக்கும் தான் இருந்தது, கர்நாடகா அதுக்கு தனியா திருத்தம் கொண்டு வந்து 2025 மே கடைசியில அமலுக்கு வந்தாச்சு, இப்ப இங்க 1000 ரூபா வரைக்கும். அப்புறம் ஏ4 பேப்பர்ல பிரிண்ட் எடுத்து செல்லோ டேப் போட்டு ஒட்டுறது எல்லாம் கணக்குலயே வராது, 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்னைக்கு அமலுக்கு வந்த விதிகள்ல அளவே சொல்லியிருக்கு, 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர், வெள்ளை பின்னணி, சிவப்பு வட்டத்துக்குள்ள சிகரெட்டோ பீடியோ குறுக்கால கோடு போட்ட படம். மெயின் வாசல்ல ஒண்ணு மாட்டிட்டா முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, ஒவ்வொரு வாசல், ஒவ்வொரு மாடி, மாடிப்படி, லிஃப்ட் வாசல் எல்லா இடத்துலயும் வேணும். முக்கியமா யார்கிட்ட புகார் சொல்லணும்னு ஒரு ஆள் பேர் தெரியற மாதிரி போடணும், இத தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. நான் ஒரு பில்டிங்குக்கு புதுசா போனப்ப அங்க போர்டுல இருந்த ஆள் வேலைய விட்டுட்டு கோயம்புத்தூர் போய் மூணு வருஷம் ஆச்சு, அவர் நம்பருக்கு இன்னும் மிஸ்டு கால் போயிட்டு இருந்திருக்கு பாவம்.

அடுத்தது ஸ்மோக்கிங் ரூம். இங்க பெரிய பெரிய கம்பெனில இருக்கறவங்களே ஏமாறுறாங்க. ஏர்போர்ட்ல கண்ணாடி ரூம் பாத்திருப்பாங்க, நாமளும் நாலாவது மாடியில மூலையில ஒரு ரூம் போட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிட்டா சட்டப்படி சரின்னு நினைச்சுக்கறாங்க. சட்டம் அந்த சலுகைய மூணே இடத்துக்கு தான் குடுத்திருக்கு, 30 ரூமோ அதுக்கு மேலயோ இருக்கற ஹோட்டல், 30 பேரோ அதுக்கு மேலயோ உக்காந்து சாப்பிடற ரெஸ்டாரன்ட், அப்புறம் ஏர்போர்ட். ஆபீஸ் இந்த லிஸ்ட்லயே இல்ல. 2008 விதிகள்ல வேலை செய்ற இடத்தையும் பொது இடம்னு பேர் சொல்லியே சேத்துட்டாங்க, இது எங்க பிரைவேட் ப்ராபர்ட்டி, ஐடி கார்டு போட்டவன் தான் உள்ள வருவான், எப்படி பொது இடம் ஆகும்னு கேக்கற மேனேஜர நான் நேர்லயே பாத்திருக்கேன், ஆகும் சார்.

சரி, சட்டத்த ஒரு ஓரமா வைங்க, அந்த ரூம் வேலையாவது செய்யுதான்னு பாத்தா அதுவும் இல்ல. அனுமதி இருக்கற இடத்துக்கே என்ன கேக்கறாங்கன்னா நாலு பக்கமும் சுவர், தானா மூடிக்கற கதவு, புகை நேரா கட்டடத்துக்கு வெளிய போகணும், உள்ள காத்தழுத்தம் வெளிய விட கம்மியா இருக்கணும், அதாவது கதவ திறந்தா வெளிக்காத்து உள்ள இழுக்கணும், உள்ள இருக்கறது வெளிய தள்ளக் கூடாது. நம்ம ஆபீஸ்ங்கள்ல நடக்கறது என்ன, சென்ட்ரல் ஏசி, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல எல்லா ரூமோட காத்தும் ஒண்ணா சேந்து ஏசி மெஷினுக்குப் போய் குளிர்ந்து திரும்ப எல்லா ரூமுக்கும் வருது. நாலாவது மாடி மூலையில ஒருத்தர் இழுத்து விட்டது மீட்டிங் ரூம்ல மசக்கையா உக்காந்திருக்கற பொண்ணுக்கு வந்து சேருது. ஏர் பியூரிஃபையர் வச்சா போச்சுன்னு ஒரு தடவ ஒருத்தர் கொட்டேஷன் எல்லாம் வாங்கிட்டு வந்தாரு. வாடை கம்மியாகும், அவ்வளவு தான், இந்த அளவு புகை இழுத்தா ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு பாதுகாப்பான அளவே கிடையாதுன்னு டாக்டருங்க சொல்லி வருஷக்கணக்காச்சு. அடுத்தவங்க விட்ட புகையால மட்டும் உலகத்துல வருஷத்துக்கு 10 லட்சம் பேருக்கு மேல சாகறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம நாட்டுல 2016-17ல எடுத்த சர்வேல கட்டடத்துக்குள்ள வேலை செய்றவங்கள்ல பத்துக்கு மூணு பேர் வேலை இடத்துல அடுத்தவங்க புகைய இழுக்கறாங்கன்னு வந்தது, அப்பவே சட்டம் வந்து 13 வருஷம் ஆச்சு.

ரூம் இல்லாத ஆபீஸ்ல என்ன பண்ணுவாங்க, ஃபயர் எக்ஸிட் படிக்கட்டு. தானா மூடிக்கற அந்த கனமான கதவுக்கு கீழ ஒரு செங்கல், இல்லன்னா தண்ணி கேன், படியில நாலு பேர், கால் கீழ துண்டு சிகரெட்டுங்க. புகை வந்தா அலாரம் அடிக்கற டிடெக்டர் கத்துதுன்னு அதுக்கு பிளாஸ்டிக் கவர கட்டி வச்சிருந்தத நானே ரெண்டு பில்டிங்ல கழட்டியிருக்கேன். படிக்கட்டுங்கறது ஒரு சிம்னி மாதிரி, கீழ விட்ட புகை மேல ஏறிக்கிட்டே போகும், ரெண்டாவது மாடியில அடிச்சா ஆறாவது மாடியில வாடை வரும். அது கூட பரவால்ல, அந்த கதவு மூடி இருக்கணும்னு வச்சதே தீ பிடிச்சா படிக்கட்டுக்குள்ள புகை வரக் கூடாதுன்னு தானே. 2010 பிப்ரவரி 23, பழைய ஏர்போர்ட் ரோடு கார்ல்டன் டவர்ஸ் தீ விபத்து, 9 பேர் போனாங்க, சிகரெட்டால இல்ல அது, கரண்ட் தீ தான், ஆனா புகை மேல ஏறுனப்ப இறங்க வழி இல்லாம ஜன்னல் வழியா குதிச்சவங்க இருந்தாங்க. அந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு ஃபயர் கதவுக்கு செங்கல் வைக்கிறோம்.

இப்ப என் கதை. படிக்கட்டுல தொல்லை தாங்காம நான் தான் ஐடியா குடுத்தேன், பேஸ்மென்ட் பார்க்கிங்ல ரேம்ப் முடியற இடத்துல மணல் போட்ட ரெண்டு தொட்டி வைக்கலாம், எல்லாரும் அங்க போகட்டும்னு. மேல எல்லா மாடியும் சுத்தமாச்சு, மெயில் போட்டு பாராட்டினாங்க, எனக்கு பெருமை வேற. ஒரு ஆறேழு மாசம் கழிச்சு கீழ இருக்கற செக்யூரிட்டி அண்ணா, திருவண்ணாமலை பக்கம் ஊரு, நைட் ஷிஃப்டுக்கு மாத்தி குடு தம்பின்னு வந்து நின்னாரு. ஏன்ணே நைட்டு கஷ்டமாச்சேன்னேன். இல்ல தம்பி, நைட்டுன்னா அவங்க வரமாட்டாங்க இல்ல, எனக்கு வீசிங் இருக்கு, வாழ்க்கையில ஒரு பீடி தொட்டதில்லன்னாரு. அவர் கேபின்ல இருந்து தொட்டி பத்தடி கூட இல்ல, பேஸ்மென்ட்ல காத்தே கிடையாது, ஒரு நாளைக்கு 12 மணி நேரம். மேல 300 பேருக்கு நான் பண்ண நல்லதோட பில்லு அவர் ஒருத்தர் தலையில விழுந்திருக்கு, நான் தினமும் அந்த வழியா தான் வண்டிய எடுத்துட்டு வரேன், கவனிக்கவே இல்ல. சட்டமா பாத்தாலும் ரெண்டு தப்பு, பேஸ்மென்ட்டும் வேலை இடம் தான், அதோட பொது இடத்துல ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் மாதிரி புகைக்க வசதி பண்ணிக் குடுக்கற எதையும் வைக்கக் கூடாதுன்னு பொறுப்புல இருக்கறவருக்கு தனியா கடமையே இருக்கு. மணல் தொட்டிக்கும் ஆஷ்ட்ரேக்கும் என்ன வித்தியாசம், சைஸ் தான். அடுத்த நாளே தூக்கிட்டேன், மெயில் போட்டு பாராட்டினவங்களே மெயில் போட்டு திட்டினாங்க.

தம் அடிச்சவன் தானே அபராதம் கட்டணும், எங்களுக்கு என்னன்னு நிறைய மேனேஜர் நினைக்கறாங்க. அப்படி இல்ல. இன்ன இடத்துல இன்னார் புடிக்கறாருன்னு புகார் வந்தும் பொறுப்புல இருக்கறவர் ஒண்ணும் பண்ணலன்னா எத்தன பேர் மீறுனாங்களோ அத்தன அபராதம் அவர் மேலயும் விழும், ஓனர், மேனேஜர், சூப்பர்வைசர் யாரா இருந்தாலும். அதனால புகார் வந்தா வாய்ல சமாதானம் சொல்லி அனுப்பாதீங்க, ஒரு ரெஜிஸ்டர்ல தேதி போட்டு எழுதி என்ன பண்ணீங்கன்னும் எழுதி வைங்க. இதுக்கு நேர் எதிரா இன்னொரு தப்பு, சில ஹெச்ஆர் தானே போலீஸ் ஆகி மாட்னவன் சம்பளத்துல 5000 பிடி, பார்ட்டி ஃபண்டுல போடுன்னு கிளம்பிடுவாங்க. சட்டத்துல சொன்ன அபராதம் அரசாங்கத்துக்குப் போறது, ரசீதோட, கம்பெனி உண்டியலுக்கு இல்ல. சம்பளத்துல அபராதம் பிடிக்கறதுக்கு தனி சட்டம் இருக்கு, எதுக்கு எல்லாம் பிடிப்போம்னு முன்னாடியே அறிவிச்சிருக்கணும், அந்த மாச சம்பளத்துல 3 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. வார்னிங் லெட்டர் குடுங்க, அது போதும்.

வேப் பத்தி. சார் இது புகை இல்ல ஆவி, ஸ்ட்ராபெரி வாசம்னு சின்ன பசங்க சொல்வாங்க. 2019ல நாடு முழுக்க இ-சிகரெட் தயாரிக்க, விக்க, இறக்குமதி பண்ண தடை வந்தாச்சு, வெளிநாடு போய்ட்டு வரும்போது டீம்ல நாலு பேருக்கு வாங்கிட்டு வரேன்னு கிளம்பற ஆளுக்கு முதல் தடவையே 1 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். உங்க ஆபீஸ் பாலிசில சிகரெட்னு மட்டும் எழுதியிருந்தா வேப்பையும் சேத்து எழுதுங்க. குட்கா கோஷ்டிய மறந்துடாதீங்க, கர்நாடகா திருத்தத்துல பொது இடத்துல புகையிலை மெல்றது, துப்பறது எல்லாம் சேந்துடுச்சு, லிஃப்ட் மூலையில சிவப்பு அடிக்கறவருக்கும் அதே 1000 தான். அத தேய்ச்சு கழுவற ஹவுஸ்கீப்பிங் அக்காகிட்ட கேட்டா ஆயிரம் பத்தாதும்பாங்க.

பொம்மசந்திரா, பீன்யா பக்கம் ஃபேக்டரி வச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு. ஐடிஐ, டிப்ளமோ முடிச்ச அப்ரென்டிஸ் பசங்க 18, 19 வயசுல வராங்க, கேன்டீன் கான்ட்ராக்டர் பிஸ்கட் டப்பா பின்னாடி ரெண்டு பாக்கெட் வச்சு ஒண்ணு ஒண்ணா குடுப்பாரு. முன்ன 18 ஆனா வாங்கலாம், இப்ப கர்நாடகாவுல 21, சில்லறையா ஒண்ணு விக்கறதுக்கும் தடை. ஓசூர்ல இருந்து தினம் பஸ்ல வர பசங்களுக்கு இது தெரியறதில்ல, அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டினா வயசு கணக்கு மாறுது. கான்ட்ராக்ட்லயே புகையிலை விக்கக் கூடாதுன்னு ஒரு வரி போட்டுடுங்க.

கேட்டுக்கு வெளிய அனுப்பிட்டா நம்ம பொறுப்பு முடிஞ்சதான்னா, ரோடு ஓரமா நின்னு பிடிக்கறத சட்டம் அவ்வளவா தடுக்கல, ஆனா பஸ் ஸ்டாப் பொது இடம். கம்பெனி பஸ் வர ஷெல்டர்ல இருபது பேர் பத்த வைக்கறதும், நேர் மேல முதல் மாடி ஏசிக்கு வெளிக்காத்து இழுக்கற ஜன்னல் இருக்கறதும் எங்க பில்டிங்லயே நடந்தது, டீக்கடை அண்ணாகிட்ட பேசி தள்ளுவண்டிய முப்பதடி தள்ளி போட வச்சோம், கூட்டம் தானா வண்டி பின்னாடி போயிடுச்சு. ஒரு ரூபா செலவில்ல.

புகார் குடுக்கணும்னா பிபிஎம்பிக்கு, அதாவது பழைய பெங்களூர் மாநகராட்சிக்கு, போன் பண்றேன்னு இன்னமும் சொல்றாங்க. பிபிஎம்பி இப்ப இல்ல, 2025 செப்டம்பர்ல இருந்து கிரேட்டர் பெங்களூரு அத்தாரிட்டி, அதுக்கு கீழ சென்ட்ரல், நார்த், சவுத், ஈஸ்ட், வெஸ்ட்னு 5 மாநகராட்சி. எலக்ட்ரானிக் சிட்டி உள்ளன்னா அதுக்கு தனி டவுன்ஷிப் அத்தாரிட்டியே இருக்கு. உங்க டிரேட் லைசென்ஸ், சொத்து வரி ரசீது எந்த பேர்ல வருதுன்னு பாருங்க, அந்த ஆபீஸ் ஹெல்த் இன்ஸ்பெக்டர் தான் உங்க ஆள்.

கடைசியா ஒரு தப்பு, தம் அடிக்கறவன திருடன் மாதிரி நடத்தறது. எங்க டீம்ல ஒருத்தர், நைட் ஷிஃப்ட், விடணும்னு அவரே கேக்கறாரு, முதல் ரெண்டு வாரம் எரிஞ்சு எரிஞ்சு விழறாரு, அத பாத்து டீம் லீட் ரேட்டிங்க குறைச்சுட்டாரு, ஆள் பழையபடி ஆரம்பிச்சுட்டாரு. நிக்கோடின் விடறப்ப முதல் கொஞ்ச நாள் கோவம், தூக்கமின்மை, கவனம் சிதறறது எல்லாம் வரும்னு அந்த லீடுக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருக்கணும், அந்த யாராவது நானா கூட இருந்திருக்கலாம். புகையிலைய விட உதவி பண்ற தேசிய குவிட்லைன் 1800-11-2356, காசு கிடையாது, நம்ம ஊர் மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ்லயும் இதுக்கு ஒரு சென்டர் இருக்கு. அந்த நம்பர இப்ப போர்டுக்கு கீழயே ஒட்டியிருக்கேன்.

போர்டுல புகார் சொல்ல வேண்டிய ஆள்னு என் பேர் தான் இருக்கு. மாசம் நாலஞ்சு போன் வருது, அதுல பாதி டாய்லெட் குழாய் ஒழுகுதுன்னு தான்.