ரம்பத்தை எடுக்கும் முன்: வேனை மாற்றியமைக்க ஒரு வழிகாட்டி

உறங்கி, சமைத்துப் பயணம் போகும் வண்டியாக மாற்ற ஒரு வேன் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, கட்டிலை எங்கே போடலாம், விளக்கு என்ன நிறத்தில் வைக்கலாம் என்பதுதான். கொஞ்சம் பொறுங்கள். உள்ளே பலகை அடித்து முடித்த பிறகு தளத்தில் துரு இருப்பது தெரிந்தால் அத்தனையையும் பிரிக்க வேண்டி வரும். முதலில் பாடி, அடுத்து இன்ஜினும் பிரேக்கும், அப்புறம் எடைக் கணக்கு, அதன் பிறகு தகட்டில் ஓட்டை, ஒயரிங், கடைசியில் மரவேலை. இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்வீர்கள்.

பழைய வேனை வாங்கப் போகும்போது ஒரு சின்ன காந்தமும் டார்ச்சும் போதும். வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகடு), கதவுக்குக் கீழே ஓடும் தகடு, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள் ஆகிய இடங்களில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் பெயின்ட்டுக்குக் கீழே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்க விடாத ஆளிடம் வாங்க வேண்டாம். இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், ஆறிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் உண்மை தெரியும். டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பட்டை) எப்போது மாற்றியது என்பதற்குக் காகிதம் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு பெல்ட்டையும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயிலும் அப்படித்தான், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

எடைக்கு வருவோம், இதை யாரும் விரும்பிப் பேசுவதில்லை. வண்டியின் பதிவு ஆவணத்திலோ கதவோரத் தகட்டிலோ அதிகபட்ச மொத்த எடை போட்டிருக்கும். வண்டியைக் காலியாக எடைமேடையில் ஏற்றிப் பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வையுங்கள். அதிகபட்சம் 2800 கிலோ, காலி எடை 1900 கிலோ என்றால் மிச்சம் 900. கேட்க நிறைய மாதிரி இருக்கும். நான்கு ஆட்களுக்கு 300, தண்ணீர் 60 லிட்டருக்கு 60 என்று கழிக்க ஆரம்பித்தால் சீக்கிரம் கரையும். எட்டுக்கு நான்கு அடி பிளைவுட், 18 மி.மீ. கனத்தில் ஒரு ஷீட்டே 30 கிலோவைத் தாண்டிவிடும், 12 மி.மீ. என்றால் 20 கிலோவுக்குப் பக்கம். கட்டிலுக்கும் அலமாரிக்கும் சரியான இடத்தில் குறுக்குச் சட்டம் கொடுத்தால் 12 மி.மீ. போதும், பலரும் பயந்துபோய் கனமானதை வாங்குகிறார்கள். வேலை முடிந்ததும் முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். மொத்தம் சரியாக இருந்து பின் அச்சு மட்டும் அளவை மீறியிருக்கும் வண்டிகள் நிறைய.

கூரையில் மின்விசிறி வைக்க வேண்டுமென்றால் பொதுவாக 14 அங்குலச் சதுர ஓட்டை தேவை. தகட்டை வெட்டப் பயப்படாதவர் யாரும் இல்லை, ஆனால் நிதானமாகச் செய்தால் எளிய வேலைதான். கூரையின் உள்பக்கம் ஓடும் குறுக்குச் சட்டத்தைத் தவிர்த்து, உள்ளிருந்தே நான்கு மூலையிலும் சிறு துளை போட்டு, பிறகு மேலே ஏறி அந்தத் துளைகளைச் சேர்த்துக் கோடு போடுங்கள். கோட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டினால் ரம்பத்தின் அடிப்பாகம் பெயின்ட்டைக் கீறாது. கீழே பழைய போர்வை ஒன்றை விரித்துவிடுங்கள்: தெறிக்கும் இரும்புத்தூள் பெயின்ட்டின் மேல் கிடந்தால், கொஞ்சம் ஈரம் பட்டாலே பழுப்புப் புள்ளியாகிவிடும். வெட்டிய விளிம்பை அரத்தால் மழமழவென்று தேய்த்து, துத்தநாகப் பிரைமர் பூசி, அது நன்றாகக் காய்ந்த பிறகு பெயின்ட் அடியுங்கள். விசிறியை நீர் புகாமல் ஒட்டுவதற்குப் பாலியூரிதேன் சீலன்ட். சிலிக்கான் வேண்டவே வேண்டாம், பின்னால் அந்த இடத்தில் பெயின்ட் பிடிக்காது.

வெப்பத்தடுப்புக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஈரம் உறிஞ்சாத மூடிய-அறை (உள்ளே காற்றுக் குமிழ்கள் தனித்தனியாக மூடியிருக்கும்) ஃபோம் ஷீட்டைத் தகட்டோடு இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். சட்டங்களின் குழிக்குள் ஸ்பிரே ஃபோம் அடிப்பது மட்டும் கூடாது, அது தண்ணீர் வடியும் துளைகளை அடைத்து உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். சத்தம் குறைக்கும் பியூட்டைல் (ரப்பர் மாதிரியான) ஷீட்டும் தகடு முழுவதற்கும் தேவையில்லை, நடுவில் கால்வாசி பரப்பில் ஒட்டினாலே அதிர்வு அடங்கிவிடும்.

ஒயரிங்கில்தான் மெலிந்த ஒயர் வாங்கி மிச்சம் பிடிக்கிறார்கள். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி ஒரு ஃபிரிட்ஜ், 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர 10 மீட்டர் ஒயர். 1.5 சதுர மி.மீ. போட்டால் வழியிலேயே சுமார் 0.6 வோல்ட் போய்விடும். 6 சதுர மி.மீ. போட்டால் 0.15 வோல்ட்டுக்குள் அடங்கும். 12 வோல்ட்டில் அரை வோல்ட் சின்ன விஷயமில்லை. பேட்டரி பாதி இருக்கும்போதே ஃபிரிட்ஜ் அணைந்துவிடும், நீங்கள் பேட்டரியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். இன்வெர்ட்டர் இன்னும் மோசம்: 1000 வாட் என்றால் 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல், அதற்குத் தடித்த கேபிள் வேண்டும். மெயின் ஃப்யூஸ் பேட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை, அதனால் ஒயர் தாங்கும் அளவுக்குத்தான் ஃப்யூஸ். எர்த் போடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட் போடுங்கள்.

உள்ளே விளக்கு, ஃபிரிட்ஜ் ஓட்ட வைக்கும் இரண்டாவது பேட்டரியை வண்டி ஓடும்போது சார்ஜ் செய்ய சாதாரண ரிலே (இரண்டு பேட்டரிகளையும் தானே இணைக்கும் சுவிட்ச்) போதுமா? பழைய ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி), லெட் ஆசிட் பேட்டரி என்றால் போதும். புது வேன்களில் எரிபொருள் மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டர் தானே வோல்ட்டேஜைக் குறைத்துக்கொள்ளும், அங்கே அந்த வோல்ட்டேஜை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டி.சி.-டி.சி. சார்ஜர் இல்லாமல் பேட்டரி நிரம்பாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி எடை குறைவு, நன்றாக உழைக்கும், ஆனால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் கெட்டுப்போகும். குளிர்ப் பிரதேசத்துக்குப் போகிறவர்கள் அந்த நேரத்தில் சார்ஜைத் தானே நிறுத்திக்கொள்ளும் பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள். சமையலுக்கு எரிவாயு வைத்தால் சிலிண்டர் பெட்டியின் தரையில் வெளியே திறக்கும் துளை கட்டாயம், அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். உறங்கும் இடத்தில் கார்பன் மோனாக்ஸைடு (மணமில்லாத விஷவாயு) அலாரமும் வையுங்கள்.

வண்டியின் உயரத்தை ஏற்றுவதும் இறக்குவதும், வீலை மாற்றுவதும் ஆசையாகத்தான் இருக்கும். டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் சுமைக் குறியீடு (எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காட்டும் எண்) கம்பெனி டயரைவிடக் குறையக்கூடாது, அழகான வீலுக்காகக் கார் டயரைப் போட வேண்டாம். பல பழைய வேன்களில் பின் அச்சோடு ஒரு சின்னக் கம்பியால் இணைத்த பிரேக் வால்வு இருக்கும், சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை அதுதான் தீர்மானிக்கிறது. ஸ்பிரிங் மாற்றி உயரம் மாறினால் அந்தக் கம்பியையும் சரிசெய்யாவிட்டால் பிரேக் கணக்கு தப்பும். ஹெட்லைட்டின் கோணமும் மாறும்.

கூடுதல் சீட், சீட் பெல்ட் இரண்டையும் மட்டும் சொந்தமாக முயற்சிக்காதீர்கள். பிளைவுட்டில் போல்ட் போட்ட பெல்ட் விபத்தில் எதையும் பிடித்துவைக்காது. சீட், கூரை, எரிபொருள் சம்பந்தப்பட்ட மாற்றங்களுக்குப் பல நாடுகளில் அனுமதி வேண்டும், இன்சூரன்ஸிலும் சொல்லியாக வேண்டும். வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் நீண்ட பயணம் கிளம்பிவிடாதீர்கள். 50 முதல் 100 கி.மீ. ஓட்டிவிட்டு வீல் நட்டுகளைத் திரும்ப முறுக்குங்கள், ஒயர் முனைகளைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இணைப்பு சரியில்லை. அப்புறம் மேடுபள்ளமான பாதையில் ஒரு சுற்று. கடகட சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஓட்டுகிறவரால் சொல்லவே முடியாது, நண்பர் ஒருவரைப் பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து சத்தம் வரும் இடத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள், வண்டியை நிறுத்தியதும் அவர் காட்டும் இடத்தில் டேப் ஒட்டுங்கள். பெரும்பாலும் அலமாரிக் கதவின் கொக்கியாகத்தான் இருக்கும்.