ரயில் போகும்போது மட்டும் பதிவாக வேண்டும்: வீட்டிலேயே ஒரு ட்ரிகர்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் குடியிருந்தால் ரயில் போகும்போது ஜன்னல் கிடுகிடுக்கும். துகள் மோதல் சோதனைகளில் தரவு எப்படிப் பிடிக்கிறார்கள், எதைப் பதிவது என்று முடிவெடுக்கும் ‘ட்ரிகர்’ எப்படி வேலை செய்கிறது என்று கைப்பட விளங்கிக்கொள்ள அந்தக் கிடுகிடுப்பே போதும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் ராஸ்பெரி பை பிகோ என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்றும், அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் பீசோ வட்டு இரண்டும் வாங்குங்கள். இரண்டு அறைகளின் ஜன்னல் சட்டங்களில் வட்டுகளை ஒட்டுங்கள். தட்டினால் பீசோ பத்து வோல்ட்டுக்கு மேலும் போகும், அதனால் நேரே பிகோவில் கொடுக்காமல் பெரிய மின்தடையும் டையோடும் வைத்து 3.3 வோல்ட்டுக்குள் அடக்குங்கள்.

இரண்டு வட்டின் சானலையும் விநாடிக்குப் பத்தாயிரம் தடவை வீதம் வாசியுங்கள். வாசிப்பை டிஎம்ஏ (தரவை நேரே நினைவகத்துக்குக் கொண்டுபோகும் வன்பொருள்) செய்யட்டும், நிரல் அதில் கை வைக்கக்கூடாது. நிரம்பியதும் பழையதன் மேலேயே திரும்ப எழுதும் 32 கிலோபைட் ரிங் பஃபரில் கடைசி 0.8 விநாடி எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். இதுதான் முக்கியம், ஏனென்றால் ரயில் வந்துவிட்டது என்று தெரியும்போது அதன் தொடக்கம் ஏற்கனவே போய்விட்டது. ஜெனீவா அருகே உள்ள எல்எச்சி துகள் மோதல் இயந்திரத்திலும் இதே கதைதான்: 25 நானோவிநாடிக்கு ஒருமுறை புரோட்டான் கொத்துகள் சந்திக்கின்றன, அங்குள்ள சிஎம்எஸ் என்ற உணர்கருவியின் முதற்கட்ட ட்ரிகர் முடிவு சொல்ல ஏறக்குறைய 4 மைக்ரோவிநாடி எடுக்கும், அதற்குள் இன்னும் 160 சந்திப்பு நடந்திருக்கும், அவ்வளவும் உணர்கருவியிலேயே வரிசையில் காத்திருக்க வேண்டும். விநாடிக்கு 4 கோடியில் ஒரு இலட்சம் அளவுதான் அந்தக் கட்டத்தைத் தாண்டும்.

ட்ரிகர் விதி எளிது. 50 மில்லிவிநாடிக்குள் இரண்டு வட்டும் வரம்பைத் தாண்டினால் மட்டும் பதிவு. கதவை அடித்துச் சாத்தினால் பெரும்பாலும் ஒன்றுதான் அலறும்.

நான் முதலில் சொதப்பியது இதற்குப் பிறகுதான். எஸ்டி கார்டில் எழுதுவதையும் அதே லூப்பில் போட்டிருந்தேன். கார்டு திடீரென்று கால் விநாடி, அரை விநாடி என்று நின்று யோசிக்கும், அதற்குள் ரிங் பஃபர் சுற்றி வந்து பழையதை அழித்துவிடும், பாதி ரயில் பழசு, பாதி புதுசு. ட்ரிகர் வந்தவுடன் 16 கிலோபைட்டை வேறு இடத்துக்கு நகலெடுங்கள், அப்படி எட்டு இடம் ஒதுக்கினாலும் பிகோவின் 264 கிலோபைட்டில் மிச்சம் இருக்கும். கார்டில் எழுதும் வேலையை பிகோ செயலியின் இரண்டாவது கோரிடம் கொடுத்துவிடுங்கள்.

எட்டும் நிரம்பினால்? புதிய ட்ரிகரை மறுத்துவிடுங்கள், ஆனால் எண்ணுங்கள். வந்தது எத்தனை, ஏற்றது எத்தனை என்று இரண்டு எண்ணிக்கையும் ஒவ்வொரு கோப்பிலும் இருக்கட்டும், அந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு நாளைக்கு எத்தனை ரயில் என்று சொல்ல முடியாது.

மேல்மாடியில் யாராவது சுவரில் துளை போட்டால் இரண்டு வட்டும் சேர்ந்தே துடிக்கும். அதற்கு நான் இன்னும் விதி எழுதவில்லை, நேரத்தைப் பார்த்துக் கையாலேயே அழிக்கிறேன்.