பெரிய குரூசர் மோட்டச்சைக்கிள் வாங்க முதல் எப்பிடி ஓடிப் பாக்கிறது: ஒழுங்கையில தொடங்கி ஆனையிறவு வரைக்கும்

போன உடன எஞ்சினில கையை வையுங்கோ. சாவி வாங்க முதல், விலை கதைக்க முதல், அவையள் தாற தேத்தண்ணியைக் குடிக்க முதல். சிலிண்டர் பக்கம் சுட்டா நீங்கள் வர முதல் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி விட்டிருக்கினம் எண்டு விளங்கிக்கொள்ளலாம். ஆறிக் கிடக்கேக்க ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிற பைக்கைத்தான் சிலபேர் முதலே சூடாக்கி வைக்கிறவை. எல்லாரும் அப்பிடியில்லை, மனுசன் கடைக்குப் போட்டு வந்திருக்கவும் கூடும், ஆனா உங்களுக்குத் தேவையானது ஆறின எஞ்சின். "பரவாயில்லை அண்ணை, நாளைக்குக் காலமை வாறன், அதுமட்டும் தொடாமல் வைச்சிருங்கோ" எண்டு மரியாதையாச் சொல்லிப்போட்டுத் திரும்பிடுங்கோ.

நான் இதை எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. 2020ல வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025லதான் திருப்பி விட்டவை, அதால இஞ்சால யாழ்ப்பாணப் பக்கம் விலைக்கு வாற பெரிய குரூசர் (சீற் பதிவான, நீளமான பாரப் பைக்) கனக்க பழசு, மூண்டு நாலு கை மாறினது. எனக்குத் தெரிஞ்ச மூண்டு பேர் ஆசைப்பட்டு வாங்கி வருசம் திரும்ப முதல் வித்துப்போட்டினம். மூண்டு பேரின்ர எஞ்சினிலயும் ஒரு பிழையும் இல்லை. அவையள் ஓடிப் பாத்தது கண்டி வீதியில, நேர் ரோட்டில, நாலாங் கியரில, பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசத்தில எந்தக் குரூசரும் வடிவாத்தான் இருக்கும், ஏனெண்டா 240 கிலோவோ 380 கிலோவோ உருளத் தொடங்கினாப் பாரம் காலுக்குத் தெரியாது. பாரம் தெரியிறது உங்கட ஒழுங்கைக்குள்ள, மதகைத் தாண்டித் திருப்பேக்க, படலையடியில ஒரு காலை மணலில ஊண்டிக்கொண்டு நிக்கேக்க. அதால இந்த வகை பைக்கை முதல் மெதுவா ஓடிப் பாக்கோணும், பேந்துதான் கெதியா.

பேப்பர் விசயத்தைச் சுருக்கமாச் சொல்லுறன். உங்கட லைசன்ஸில ஏ வகுப்பு இருக்கோணும், ஏ1 மட்டும் எண்டா 100 சிசிக்கு மேல ஓடேலாது. வாகனப் பதிவுப் புக்கில கிடக்கிற எஞ்சின் நம்பரையும் சேசி நம்பரையும் பைக்கில அடிச்சிருக்கிற நம்பரோட ஒண்டொண்டா வைச்சுப் பாருங்கோ, சேசி நம்பர் பெரும்பாலும் ஹாண்டில் கழுத்தில இருக்கும், ஊத்தையைத் துடைச்சுப்போட்டுப் பாக்கோணும். இன்சூரன்ஸும் வருச லைசன்ஸும் நடப்பில இருக்கோ எண்டு பாருங்கோ. விழுத்தினா ஆர் காசு குடுக்கிறது எண்டதை ஏற முதலே வாய்விட்டுக் கதைச்சு வையுங்கோ, கூச்சப்படாதேங்கோ, பிறகு ரெண்டு பக்கமும் மனஸ்தாபம் வாறதைவிட இது நல்லம்.

இனி பைக்குக்கு வருவம். நாங்கள் பழகினது ஸ்பிளெண்டர், டிஸ்கவர், பல்சர். ஸ்பிளெண்டர் 110 கிலோ சொச்சம்தான். ரோயல் என்பீல்ட் சூப்பர் மீற்றியோர் 650 அதே இடத்தில 241 கிலோ, ஹொண்டா கோல்ட் விங் டூர் 1833 சிசி எஞ்சினோட 380 கிலோவுக்குக் கிட்ட. ரெண்டு ஆளைத் தூக்கிச் சேத்த மாதிரி வித்தியாசம். அதே நேரம் சீற் பதிவு, சூப்பர் மீற்றியோரின்ர சீற் உயரம் 740 மில்லிமீற்றர்தான், கட்டையான ஆளுக்கும் ரெண்டு பாதமும் நிலத்தில முட்டும். அந்தப் பதிவைப் பாத்து "ஆ, இது லேசு" எண்டு நினைக்கிறதுதான் முதல் பிழை.

ஸ்டார்ட் பண்ணாமல் ஏறி இருங்கோ. ஹாண்டிலை நேராக்கி, முன் பிரேக்கைப் பிடிச்சு, வலது காலை நல்லா ஊண்டி, இடுப்பால தள்ளி சைட் ஸ்டாண்டில இருந்து நிமித்துங்கோ. கையால இழுத்து நிமித்தேலாது, இழுத்தா நாரி பிடிக்கும். நிமித்தினாப்பிறகு சைட் ஸ்டாண்டை மடக்க முதல் இடமும் வலமும் ஒரு ரெண்டு விரல்கடை சரிச்சுப் பாருங்கோ, எந்த இடத்தில பாரம் "நான் போகப்போறன்" எண்டு சொல்லுது எண்டதைத் தொடை படிச்சு வைக்கோணும். பேந்து இறங்கி, பக்கத்தில நிண்டு, முன்னுக்கும் பின்னுக்கும் பத்தடி தள்ளிப் பாருங்கோ. முத்தத்து மணலில தனியப் பின்னுக்குத் தள்ள ஏலாட்டி அதை இப்பவே தெரிஞ்சுகொள்ளுறது நல்லம். (கோல்ட் விங்குக்கு மின்சாரத்தில பின்னுக்குப் போற வசதி இருக்கு, மற்றக் கனக்கக் குரூசருக்கு இல்லை.)

கியரைப் பற்றி ஒண்டு கட்டாயம் சொல்லோணும். ஸ்பிளெண்டரில எல்லாக் கியரும் முன்னால மிதிச்சு மிதிச்சுப் போடுறது. பெரிய பைக்கில ஒண்டாம் கியர் மட்டும் கீழ, நியூட்ரல் அதுக்கு மேல, மிச்சமெல்லாம் மேல. இருவது வருசம் ஸ்பிளெண்டர் ஓடின கால் அவசரத்தில தன்ர பாட்டுக்கு முன்னால மிதிக்கும், நீங்கள் மேல போறன் எண்டு நினைச்சுக்கொண்டு கீழ் கியருக்கு இறங்கிடுவியள், பின் சில்லு கத்திக்கொண்டு இழுபடும். நிண்ட இடத்தில எஞ்சினை நிப்பாட்டி வைச்சு, கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தரம் மேலயும் கீழயும் போட்டுப் பழகுங்கோ. பலகை வைச்ச கால்மிதி எண்டா குதிக்காலால மேல் கியர் போடுற லீவரும் இருக்கும், அது உங்கட செருப்பில தட்டுப்படுதோ எண்டும் பாருங்கோ. செருப்போட வராதேங்கோ எண்டுதான் உண்மையில சொல்லோணும், சப்பாத்து, நீளக் காற்சட்டை, கழுத்துப்பட்டி பூட்டின ஹெல்மெற்.

இப்ப ஸ்டார்ட் பண்ணலாம். சோக் இருக்கிற பழைய பைக் எண்டா சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, ரெண்டு மூண்டு நிமிசத்தில தள்ளினாப்பிறகும் ஒரே சீரா நிக்குதோ எண்டு கேளுங்கோ. பின்னால போய் சைலன்சர் புகையைப் பாருங்கோ. நீலப் புகை விடாமல் வந்தா ஒயில் எரியுது. பற்றறியில மீற்றர் பிடிச்சா எஞ்சின் நிண்டு கிடக்கேக்க 12.6 வோல்ற் கிட்டயும், ஓடேக்க 14 கிட்டயும் காட்டோணும். 14 வராட்டி சார்ஜ் பண்ணுற பக்கத்தில வேலை இருக்கு, பெரிய பைக்கில அந்த வேலைக்குக் காசும் பெரிசு.

முதல் அரை மணித்தியாலம் ஒழுங்கைக்குள்ளயும் ஒரு வெறுங்காணிக்குள்ளயும்தான். கிளட்சை முழுசா விடாமல், பாதி பிடிக்கிற இடத்தில வைச்சுக்கொண்டு, பின் பிரேக்கில மெதுவாக் காலை வைச்சு, எஞ்சினைக் கொஞ்சம் கூடவே சுத்த விட்டு நடக்கிற வேகத்தில ஓடுங்கோ. கிளட்ச் முன்னுக்குத் தள்ளும், பின் பிரேக் பிடிச்சு வைக்கும், அந்த ரெண்டுக்கும் நடுவில பைக் கயிறு கட்டின மாதிரி நேரா நிக்கும். இது வந்திட்டா மிச்சம் எல்லாம் வரும். வளைக்கேக்க முன் சில்லைப் பாக்காதேங்கோ, போய்ச் சேரப்போற இடத்தைப் பாருங்கோ, தலை திரும்பினா பைக்கும் திரும்பும்.

மெதுவா வளைக்கேக்க முன் பிரேக்கைத் தொடவே தொடாதேங்கோ. நான் இதைக் காலால படிச்சனான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஒழுங்கை, யமஹா டிராக்ஸ்டார் 1100, ஒருத்தரிட்டை வாங்கி ஓடிப் பாத்துக்கொண்டிருந்தனான். மூலையில வேலியோரம் ரோட்டில மணல் படிஞ்சு கிடந்தது, ஹாண்டில் முழுசா வலப்பக்கம் திரும்பி இருந்தது, ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கால வந்திட்டுது. ஸ்பிளெண்டரில பிடிக்கிற மாதிரி ரெண்டு விரலால முன் பிரேக்கைப் பிடிச்சன், அவ்வளவுதான். பைக் வழுக்கேல்லை, சும்மா அப்பிடியே வலப்பக்கம் படுத்துது, நான் காலை ஊண்டிப் பிடிக்கப் பாத்தன், முழங்கால் முறுகிப் போச்சு, ரெண்டு கிழமை நொண்டினன். இண்டைக்கும் அந்த மூலையால போகேக்க வலது கை தானா பிரேக்கை விட்டு எழும்பும். பாரம் ஒரு அளவுக்கு மேல சரிஞ்சிட்டா விட்டிடுங்கோ. பிடிக்க ஏலாது, காலை உள்ள குடுக்காமல் விலத்தி நில்லுங்கோ, தகரத்தைத் திருத்தலாம்.

விழுந்ததைத் தூக்கிற முறையும் சொல்லுறன். எஞ்சினை நிப்பாட்டி, கியரில போட்டு, வலப்பக்கம் விழுந்திருந்தா சைட் ஸ்டாண்டை முதல் இறக்கி விடுங்கோ. பேந்து சீற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கை ஹாண்டிலில, மற்றக் கை சீற்றுக்குக் கீழ உறுதியான இடத்தில, முதுகை வளைக்காமல் காலால பின்னுக்கு நடந்து நடந்து எழும்புங்கோ. பக்கத்தில ஆரும் நிண்டா கூப்பிடுங்கோ, எங்கட ஊரில ஒரு சத்தம் வைச்சா நாலு பெடியள் வருவாங்கள்.

ஒழுங்கை சரியெண்டா ரோட்டுக்கு எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலமை ஆறு மணிக்கு அரியாலையால வெளிக்கிட்டு, நாவற்குழிப் பாலம் தாண்டி, கைதடி, சாவகச்சேரி, கொடிகாமம், பளை, ஆனையிறவு. ஒரு 50 கிலோமீற்றர் சொச்சம் வரும், போய் வர ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல. அவ்வளவு தூரம் விட ஓனர் யோசிப்பார்தான், பெற்றோல் நானே அடிக்கிறன் எண்டு சொல்லி அவரையே பின் சீற்றில ஏத்திக்கொண்டு போங்கோ. அவருக்கும் மன நிம்மதி, உங்களுக்கும் ஆள் ஏத்தினா எப்பிடி எண்டு தெரியும். நாளைக்கு மனுசி இருக்கப்போற இடம் அது.

கைதடி தாண்டி ரோட் வெறுமையா வந்தா முதல் பிரேக். 40ல நேராப் போய், பின்னால ஒருத்தரும் இல்லை எண்டு பாத்து, ரெண்டு பிரேக்கையும் சேத்துப் படிப்படியா இறுக்குங்கோ. குரூசரில பாரம் பின்னுக்குக் கூட, நீளமும் கூட, அதால பின் பிரேக்கும் நல்லா வேலை செய்யும், ஆனா முன் பிரேக்தான் இப்பவும் பெரிய ஆள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கேக்க சில்லு இறுகி நிக்காமல் பாக்கிற வசதி) இல்லாத பழசெண்டா ஓங்கி மிதிக்காதேங்கோ. முன் லீவர் விரலுக்குத் துடிச்சுத் துடிச்சு வந்தா டிஸ்க் நெளிஞ்சிருக்கு.

அடுத்தது வளைவு. வலப்பக்கம் போக வலக் கைப்பிடியை முன்னுக்கு மெல்லத் தள்ளோணும், எல்லா மோட்டச்சைக்கிளும் அப்பிடித்தான் திரும்புது, ஆனா சின்னதில நாங்கள் அறியாமலே செய்யிறம், பெரிசில அறிஞ்சு செய்யோணும். கொஞ்சம் கூடச் சரிச்சா கால்பலகை ரோட்டில உரசிச் சத்தம் வரும். பயந்து திடீரெண்டு நிமித்தாதேங்கோ, அந்தச் சரிவுக்கு மேல போகாதை எண்டு சொல்லுற சத்தம் அது.

ஆனையிறவு வெளியிலதான் பெரிய சோதினை. வைகாசியில இருந்து சோளகம் அடிக்கேக்க அந்த உப்புவெளியில பக்கக் காத்து பைக்கைத் தள்ளும். காத்து மறைக்கிற முன் கண்ணாடி பெரிசா வைச்ச ரூறர் (தூர ஓட்டத்துக்கான பைக்), பெரிய பெட்டி வைச்ச ரூறர் இன்னும் கூட ஆடும். கைப்பிடியை இறுக்கினா ஆட்டம் கூடும், தோளைத் தளர்த்தி விடுங்கோ. அந்த முன் கண்ணாடியின்ர மேல் விளிம்பு உங்கட மூக்குக்கு நேரா வந்தா நல்லம், அதுக்கு மேலால ரோட்டைப் பாக்கோணும், அதுக்குள்ளால பாத்தா மழையில ஒண்டும் தெரியாது. காத்து ஹெல்மெற்றைப் போட்டு அடிச்சா அந்த உயரம் உங்களுக்குப் பொருந்தேல்லை. அங்க நிப்பாட்டி ஒரு பத்து நிமிசம் இறங்கி நடந்து பாருங்கோ. நாரி, மணிக்கட்டு, குண்டி, எது நோகுது? காலை முன்னுக்கு நீட்டி இருக்கிற இருப்பில கிடங்கு விழேக்க எழும்பி நிக்கேலாது, முழு அடியும் நாரிக்குத்தான்.

திரும்பி வரேக்க வெயில் ஏறியிருக்கும். வேணுமெண்டே ஆசுப்பத்திரி வீதியால, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தால வாங்கோ. காத்தில ஆறுற வி எஞ்சின் (சிலிண்டர் ரெண்டும் வி வடிவில முன்னும் பின்னுமா நிக்கிறது) எண்டா பின் சிலிண்டர்ச் சூடு தொடையில ஏறும், எங்கட சித்திரை வெயிலில அது சின்ன விசயமில்லை. தண்ணியால ஆறுறது எண்டா ஃபான் சுத்தத் தொடங்குதோ எண்டு காது குடுங்கோ.

கொண்டுவந்து நிப்பாட்டினாப்பிறகு பத்து நிமிசம் ஒண்டும் செய்யாமல் நில்லுங்கோ, பேந்து குனிஞ்சு கீழ பாருங்கோ, ஒயில் சொட்டு விழுந்திருக்கோ. சூட்டோட திருப்பி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோ. முன் ஃபோர்க் கம்பியில விரலை ஓட்டினா ஒயில் ஒட்டக்கூடாது. செயினுக்குப் பதிலா பெல்ற் டிரைவ் எண்டா பல்லுக்கிடையில கிரவல் குத்தின ஓட்டை இருக்கோ, சாஃப்ற் (சுத்துற தண்டு) எண்டா பின் சில்லுக்கிட்ட ஒயில் கசிவு இருக்கோ. கடற்கரைப் பக்கம் நிண்ட பைக் எண்டா டிஸ்கும் ஸ்போக்கும் உப்புக்காத்தில அரிச்சிருக்கும், மினுக்கின இடத்தை விட்டு மினுக்காத இடத்தைப் பாருங்கோ. ரயர் ஓரத்தில நாலு இலக்கம் இருக்கும், 2319 எண்டா 2019ம் ஆண்டு 23ம் கிழமை செய்தது. பூ நல்லாக் கிடந்தாலும் ரயர் கிழடு எண்டா விலையில கழியுங்கோ, இந்த அளவு ரயர் பெரும்பாலும் கொழும்புக்குச் சொல்லித்தான் எடுக்கோணும்.

எல்லாம் பிடிச்சிருந்தா காசு குடுக்க முதல் இன்னும் ஒண்டு. ஓனரோட உங்கட வீட்டுக்கே கொண்டுவாங்கோ. அவரைத் தெருவில இறக்கி விட்டிட்டு, மதகைத் தாண்டி, படலையைத் திறந்து, தனிய உள்ளுக்கு ஏத்தி, முத்தத்தில திருப்பி, முகப்பு ரோட்டைப் பாக்கிற மாதிரி நிப்பாட்டிப் பாருங்கோ. அவரிட்டைக் கைக்கு உதவி கேக்காதேங்கோ. மாரியில, ஈர மணலில, இரவு பத்து மணிக்கு வேலையால வந்து நீங்கள் தனியச் செய்யப்போற வேலை இதுதான்.